காயம்பட்ட காலோடு ஓரியன்டீரிங்: போட்டி நடத்தவும் மீண்டும் காட்டில் ஓடவும் முழுமையான வழிகாட்டி

ஓரியன்டீரிங் ஓடுபவரின் கண் பெரும்பாலான நேரம் காலடியில் இருப்பதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்த விளையாட்டில் காயம் ஏன் ஏற்படுகிறது, காயத்திலிருந்து மீள்பவர் எந்த வரிசையில் திரும்பி வர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும். சாலையில் ஓடுபவர் காலை மட்டும் குணப்படுத்திக்கொண்டால் போதும். நமக்கோ, கையில் வரைபடத்தை விரித்து, பெருவிரலை நாம் நிற்கும் இடத்தின்மேல் அழுத்தி, அடுத்த மேட்டின் வடிவத்தைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில், கால் தானாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் திறன் திரும்பும்வரை மீட்பு முடியவில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பின் தெரியாத நிலத்தில், வரைபடத்தில் ஊதா வட்டங்களால் குறிக்கப்பட்ட இடங்களை வரிசையாகக் கண்டடைய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 30 சென்டிமீட்டர் பக்க அளவுள்ள ஆரஞ்சு-வெள்ளைக் கொடி ஒன்று தொங்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். விரலில் மாட்டியிருக்கும் மின்னணுச் சில்லை, இங்கிலாந்துக்காரர்கள் டிப்பர் என்பதை, அங்குள்ள கருவியில் செருகினால் வந்த நேரம் பதிவாகும். இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே எந்த வழியில் போவது என்பது முழுக்க ஓடுபவரின் முடிவு. பொதுமக்கள் கலந்துகொண்ட முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேத் தலைநகருக்கு அருகில் நடந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961இல் உருவானது. இந்த வழிகாட்டியில் பிரிட்டனின் கிளப் போட்டிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன், ஏனெனில் நான் ஓடுவதும் உதவுவதும் அங்குதான்.

என் காயம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் வடகிழக்கு விளிம்பில் உள்ள எப்பிங் காட்டில் நேர்ந்தது. இல்ஃபோர்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழர்களுக்கு மிக அருகிலுள்ள பெருங்காடு இதுதான். பீச் மரங்களின் இலை அப்போதுதான் உதிரத் தொடங்கியிருந்தது. லவ்டன் ஓடைக்கு மேலே உள்ள சரிவில் வரைபடத்தைப் பார்த்தபடி இறங்கினேன். இலைகளுக்கு அடியிலிருந்த வேர் ஒன்றில் வலது கால் வெளிப்புறமாக மடங்கியது. கொடி 40 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. நான் செய்த பெரிய தவறு விழுந்தது அல்ல. எழுந்து நடந்து அந்தக் கன்ட்ரோலைப் பதிந்து, அதற்கடுத்ததற்கும் போனதுதான். கொடியைப் பார்த்துவிட்ட காலுக்கு வலி தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்ற முயன்றபோதுதான் கணுக்கால் எவ்வளவு வீங்கியிருந்தது என்பது தெரிந்தது.

முதல் படி: என்ன காயம் என்பதை உறுதிசெய்தல்

கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது வெளிப்புறத் தசைநார்கள்தான். ஆனால் எலும்பு முறிவும் அதே வீக்கத்தோடு வரும். எக்ஸ்ரே தேவையா என்பதை முடிவுசெய்ய உலகெங்கும் மருத்துவர்கள் ஒட்டாவா விதிகளைப் பயன்படுத்துகிறார்கள். 1992இல் கனடாவில் வகுக்கப்பட்ட இவ்விதிகளின்படி, கணுக்கால் பகுதியில் வலியோடு, இருபுறமும் துருத்தும் எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அல்லது நுனியில் அழுத்தினால் வலித்தாலோ, காயம்பட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்தபோதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடுப்பாதத்தில் வலி இருந்தால் பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் எலும்பின் அடிப்பகுதியையும், உள்புறம் வளைவின் மேலுள்ள எலும்பையும் அவ்வாறே அழுத்திப் பார்க்கிறார்கள். இதை வீட்டில் நீங்களே தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். மருத்துவர் ஏன் அங்கங்கே அழுத்துகிறார் என்று புரிந்துகொள்ளவும், "நடந்தேனே, அதனால் முறிவில்லை" என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும்.

எந்த உறுப்பு காயப்பட்டது என்பதைப் பொறுத்து இனிவரும் படிகளின் வரிசை மாறும். கணுக்காலுக்குக் கரடுமுரடான தரை எதிரி. முழங்காலுக்கு இறக்கம் எதிரி. குதிகால் நரம்பு என்று நாம் பேச்சில் சொல்லும் அக்கிலிஸ் தசைநாணுக்குச் செங்குத்தான ஏற்றம் எதிரி. முன்னங்கால் எலும்பில் அழுத்த முறிவு கண்டவருக்குத் தார்ச்சாலை, மெத்தென்ற காட்டுத் தரையைவிட மோசமானது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களுக்கு எல்லாமே தலைகீழ். மற்றவர்களுக்கு ஓய்வு நாளில் பயிற்சியாகும் வரைபட வாசிப்பே அவர்களுக்குச் சுமை என்பதால், தலைவலியும் குமட்டலும் தீரும்வரை அடுத்த படியைத் தொடவே கூடாது.

காய்ச்சலோடு ஓடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் 1979 முதல் 1992 வரை 16 இளம் ஓரியன்டீரிங் வீரர்கள் திடீர் இதய நிறுத்தத்தால் இறந்தார்கள். அவர்களில் பலரிடம் இதயத் தசை அழற்சி காணப்பட்டது. அந்நாட்டுக் கூட்டமைப்பு 1992 இறுதியில் போட்டிகளைப் பல மாதங்கள் நிறுத்தியது. அதன்பின், உடம்பில் தொற்று இருக்கும்போது கடுமையாகப் பயிற்சி செய்யக்கூடாது என்பது அங்கு மிகக் கண்டிப்பாக வலியுறுத்தப்படுகிறது. காயத்தால் இழந்த வாரங்களை ஈடுகட்டும் அவசரத்தில், சளிக்காய்ச்சலோடு ஓடப் போகும் ஆசை வரும். அதற்கு இடம்கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: கால் மேலே, வரைபடம் கையில்

முதல் சில நாட்களில் காலை உயர்த்தி வைத்து, பட்டை சுற்றி, வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல அசைப்பதே வேலை. அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய வரைபடம் ஒன்றை எடுத்து, ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததற்குப் போகக்கூடிய இரண்டு வழிகளைப் பென்சிலால் வரையுங்கள். பழுப்புச் சமவுயரக் கோடுகளை எண்ணி, ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்கிடுங்கள். காட்டு வரைபடங்களில் கோடுகளுக்கு இடையே வழக்கமாக 5 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். பிறகு அதே போட்டியில் ஓடியவர்கள் லைவ்லாக்ஸ் தளத்தில் ஏற்றியிருக்கும் ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிடுங்கள். யார் எங்கே தயங்கி நின்றார்கள் என்பது அசையும் புள்ளியில் அப்படியே தெரியும். நான் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டது அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஓடிக் கற்றதைவிட அதிகம் என்று மனமாரச் சொல்வேன். ஓடும்போது என் தவறு எனக்கு மட்டுமே தெரிந்தது. படுத்திருந்தபோது முப்பது பேரின் தவறுகள் ஒரே தாளில் கிடைத்தன.

மூன்றாம் படி: ஓட முடியாத காலத்தில் போட்டியை நடத்துதல்

எல்லா கிளப்பிலும் ஓடத் துடிப்பவர்கள் நிறைய, நடத்த முன்வருபவர்கள் குறைவு. ஆகவே காயம்பட்டவர் "நான் ஏதாவது செய்கிறேன்" என்றவுடன் பொறுப்புகள் குவிந்துவிடும். எந்தப் பொறுப்பை ஏற்கிறீர்கள் என்பதில் முதலிலேயே தெளிவு வேண்டும். பிரிட்டனில் ஒரு போட்டிக்கு மூன்று முதன்மைப் பொறுப்புகள் உண்டு. அமைப்பாளர் அனுமதி, வாகன நிறுத்தம், பதிவு, தன்னார்வலர்கள், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்ப்பவர். பிளானர் கன்ட்ரோல்கள் எங்கே, பாதைகள் எப்படி என்று வகுப்பவர். கன்ட்ரோலர் இவ்விருவரின் வேலையையும் சரிபார்ப்பவர். பின்னவர் இருவரும் ஒவ்வோர் இடத்துக்கும் காட்டுக்குள் சென்றாக வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. அமைப்பாளரின் வேலையில் பெரும்பகுதி மேசையிலும் தொலைபேசியிலும் நடக்கிறது. ஊன்றுகோலோடு இருப்பவருக்கு ஏற்றது அமைப்பாளர் பொறுப்புதான்.

முதலில் நில உரிமையாளரின் அனுமதி. எப்பிங் காட்டை சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி நிர்வகிக்கிறது, வேறு பல காடுகள் அரசு வனத்துறை அமைப்பிடமோ தனியாரிடமோ இருக்கின்றன. எவரிடம் கேட்டாலும் பல மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். பறவைகள் கூடு கட்டும் வசந்த காலத்தில் சில பகுதிகளுக்குள் நுழைய விடமாட்டார்கள். மரம் வெட்டும் வேலை இருந்தால் வரைபடமே மாறிப்போயிருக்கும். அனுமதி கிடைத்ததும் தேசியச் சங்கத்தில் போட்டியைப் பதிவுசெய்யுங்கள், பொதுப் பொறுப்புக் காப்பீடு அந்தப் பதிவோடுதான் வருகிறது. பெரிய போட்டிகள் ஏ, பி நிலைகள். வட்டாரப் போட்டி சி, உள்ளூர்ப் போட்டி டி. முதன்முறை நடத்துபவரும் உடல்நலம் தேறாதவரும் டி நிலைக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பிளானராகத்தான் இருப்பேன் என்று விரும்பினால் அதற்கும் வழி உண்டு. பாதைகளை வரையும் வேலையைப் பர்ப்பிள் பென் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கன்ட்ரோல் இருக்கப்போகும் சரியான இடத்தில் நாடா கட்டிவிட்டு வருவதற்குக் காட்டில் நடக்க வேண்டும். இதற்கு உடன் வரும் ஒருவரை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அகலப் பாதையில் நிற்பீர்கள், அவர் உள்ளே போய் நாடாவைக் கட்டிவிட்டுப் படமெடுத்து வருவார். அந்தப் படத்தில் கொடி எந்தத் திசையிலிருந்து தெரிகிறது என்பதைப் பார்த்து நீங்கள் முடிவுசெய்யலாம். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் இடும் அடையாள எண்கள் 31இலிருந்து தொடங்குவதால், எத்தனையாவது கன்ட்ரோல் என்று காட்டும் 1 முதல் 30 வரையிலான வரிசை எண்ணோடு குழப்பம் வராது.

போட்டி நாளுக்கு முந்தைய இரவே, உடல் உழைப்பு தேவைப்படும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே வேறொருவரின் பெயர் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கன்ட்ரோல்களைத் தொங்கவிடுவது, காலையில் கருவிகளை எழுப்பிச் சரிபார்ப்பது, காணாமல்போன கொடிக்குப் பதில் கொண்டுபோவது, சேற்றில் சிக்கிய காரைத் தள்ளுவது, போட்டி முடிந்தபின் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவருவது ஆகிய எல்லாவற்றுக்கும். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து 47ஆம் எண் கொடி இல்லை என்பார். சுற்றிலும் ஆள் இருக்கமாட்டார்கள். அமைப்பாளரான நீங்களே கொடியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நொண்டிக்கொண்டு போவீர்கள். நான் போனேன். குணமாகி வந்த கால் அன்று மாலை மீண்டும் வீங்கியது.

உங்களுக்கான இடம் டவுன்லோடு மேசை. ஓடி முடித்தவர்கள் தங்கள் சில்லைச் செருகி, ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எடுத்த நேரத்தை அச்சிட்டுத் தாளாகப் பெறுவது அங்கேதான். உட்கார்ந்தே செய்யலாம். அதைவிட முக்கியம், பாதுகாப்பின் மையமே அந்த மேசைதான். புறப்பட்ட ஒவ்வொருவரும், பாதியில் விட்டவர்கள் உட்பட, அங்கே வந்து பதிந்தாக வேண்டும். காலநேரம் முடிந்தபின் திரும்பாதவர் பட்டியலை எடுத்து, முதலில் வாகன நிறுத்தத்தில் மீந்திருக்கும் கார்களோடு ஒப்பிடுங்கள். பதியாமல் வீட்டுக்குப் போன ஒருவருக்காக இருட்டும் காட்டில் இருபது பேர் தேட வேண்டி வரும். ஆகவே இதை அறிவிப்பில் ஒரு முறையும் தொடக்கக் கோட்டில் ஒரு முறையும் சொல்ல வையுங்கள்.

முதலுதவிக்காரர் எங்கே நிற்பார், ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும், அந்த வாயிலின் சாவி யாரிடம் என்பவற்றை ஆபத்து மதிப்பீட்டில் எழுதுங்கள். ஓடுபவர்கள் ஊதல் வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஆறு ஊதல் உதவி கேட்பது, மூன்று ஊதல் பதில். காயம்பட்டவரைக் கண்டால் உதவுவது எல்லாப் போட்டியாளர்களின் கடமை என்று பன்னாட்டு விதியிலேயே இருக்கிறது. 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் தொடரோட்டத்தில், கடைசிச் சுற்றில் ஓடிய ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த பிரான்சின் தியரி ஜார்ஜியூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா மூவரும் நின்றார்கள். மூவருமே பதக்கத்தை இழந்தார்கள், சுவிட்சர்லாந்து வென்றது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் இந்த விளையாட்டின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

கொடியே இல்லாத போட்டியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவான மேப்ரன் செயலியில் கன்ட்ரோல்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் மட்டுமே இருக்கும். ஓடுபவர் அந்த இடத்தை அடைந்ததும் கைப்பேசி ஒலிக்கும். தொங்கவிடவும் திரும்ப எடுக்கவும் எதுவும் இல்லை என்பதால், காயம்பட்ட அமைப்பாளருக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. அடர்ந்த மரநிழலிலும் உயரமான கட்டடங்களின் ஓரத்திலும் ஜிபிஎஸ் தடுமாறும். ஆகவே திறந்த பூங்காக்களையும் தெருக்களையும் தேர்ந்தெடுங்கள். வேறு யாரையாவது ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்த்த பின்பே வெளியிடுங்கள்.

நான்காம் படி: பாதையை விட்டு இறங்காத போட்டி

பன்னாட்டுக் கூட்டமைப்பு அங்கீகரித்த நான்கு வகைகளில் ஒன்று டிரெயில் ஓரியன்டீரிங். கால் ஓரியன்டீரிங், மலைச்சைக்கிள், பனிச்சறுக்கு ஆகியவை மற்றவை. நடமாட்டம் குறைந்தவர்களும் மற்றவர்களும் சமமாகப் போட்டியிட வேண்டும் என்பதற்காகவே இது உருவானது. முதல் உலகப் போட்டி 2004இல் ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் நகரில் நடந்தது. சக்கர நாற்காலி செல்லக்கூடிய பாதையை விட்டு யாரும் இறங்கக்கூடாது. பாதையிலிருந்து பார்த்தால் தூரத்தில் சில கொடிகள் தெரியும். வரைபடத்தின் வட்ட மையமும், எந்த நில அடையாளத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லும் கன்ட்ரோல் விவரக் குறிப்பும் சுட்டுவது அவற்றில் எந்தக் கொடி, அல்லது எதுவுமே இல்லையா என்று சொல்ல வேண்டும். ப்ரீ-ஓ வகையில் ஓட்ட வேகத்துக்கு இடமில்லை, முழு நேர வரம்புக்குள் சரியான விடைகள்தான் கணக்கு. டெம்ப்-ஓ வகையில் உட்கார்ந்த இடத்திலிருந்து விரைந்து விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 30 நொடி கூடும்.

பாரா பிரிவு நிரந்தரமாக நடமாட்டம் குறைந்தவர்களுக்கானது. தற்காலிகக் காயம் உள்ளவர்கள் திறந்த பிரிவில் பதிவுசெய்ய வேண்டும். முதன்முறை போனபோது, 60 மீட்டர் தள்ளியிருந்த மூன்று கொடிகளில் எது சிறுகுன்றின் வடகிழக்குச் சரிவில் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் ஊன்றுகோலில் சாய்ந்து பார்த்தும் தவறாகச் சொன்னேன். ஓடும்போது கொடியை "அதோ" என்று கண்டு பாய்ந்துவிடுகிறோம். நிலத்தின் வடிவத்தை அப்படி நின்று பார்த்ததே இல்லை. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, சமவுயரக் கோடுகளை நான் வாசிக்கும் விதமே மாறியிருந்தது.

ஐந்தாம் படி: கண் வேறெங்கோ இருக்கும்போது காலைப் பழக்குதல்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இது. தசைநாருக்குள் இருக்கும் நரம்பு முனைகள்தான், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. தசைநார் கிழியும்போது அந்தச் செய்தித்தொடர்பும் பழுதாகிறது. வலியும் வீக்கமும் போன பிறகும் அது தாமதமாகவே திரும்புவதால்தான், ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி மறுபடி சுளுக்குகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளோடு பின்வருவனவற்றையும் அவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில், காயம்பட்ட காலில் மட்டும் நிற்பதில் தொடங்குங்கள். மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம். 30 நொடி ஆடாமல் நிற்க முடிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதத்தின் சின்னஞ்சிறு தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் துடிப்பதை உணர்வீர்கள். அடுத்து, மடித்த குளியல் துண்டின் மேல் நின்றபடி கையில் வரைபடத்தை எடுங்கள். விவரக் குறிப்பின் ஐந்தாம் எண்ணை வாசித்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே போகும் வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் நான் "பாதைச் சந்தியிலிருந்து" என்று சொல்லி முடிப்பதற்குள் மறு கால் தரையில் ஊன்றிவிட்டது. கண் மூடி 30 நொடி நிற்க முடிந்த கால்தான் அது, ஆனால் சிந்தனை வேறு பக்கம் போனதும் தடுமாறியது. நான் விழுந்தது எதனால் என்று அன்றுதான் முழுமையாகப் புரிந்தது.

இதே வரிசையைப் பூங்காப் புல்தரையில் நடந்தும், பிறகு சரிவில் நடந்தும், பிறகு மெல்ல ஓடியும் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தரையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் குறைகிறதா என்று கவனியுங்கள். உங்கள் பிசியோ சில சோதனைகளையும் செய்வார். சுவரை நோக்கி நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட எவ்வளவு தள்ளி நிற்க முடிகிறது, ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவ முடிகிறது என்று இரு கால்களையும் ஒப்பிடுவார்கள். நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்டினால் ஓட்டத்துக்கு அனுமதிப்பது பரவலான வழக்கம்.

ஆறாம் படி: நடந்தே போட்டியிடுதல்

பிரிட்டனின் பல பூங்காக்களில் கொடிகளுக்குப் பதில் கம்பங்கள் நட்ட நிரந்தர ஓரியன்டீரிங் பாதைகள் உள்ளன. வரைபடத்தைத் தரவிறக்கி, விரும்பிய நாளில், விரும்பிய வேகத்தில் போகலாம். யாரும் பின்னால் துரத்தி வருவதில்லை என்பதே அங்கு மருந்து. அதில் இரண்டு மூன்று முறை வலியின்றி முடிந்தால் கிளப் போட்டிக்கு நடந்தே செல்லுங்கள்.

கிளப் போட்டிகளில் போட்டிப் பாதைகளுக்குக் கடினத்தைப் பொறுத்து நிறப் பெயர்கள் உண்டு. வெள்ளையும் மஞ்சளும் பெரும்பாலும் நடைபாதைகளையும், வேலி, ஓடை போன்று நிலத்தில் கோடாகத் தெளிவாகத் தெரியும் அடையாளங்களையும் ஒட்டியவை. ஆரஞ்சு சற்றுக் கடினம். வெளிர் பச்சை அதைவிடக் கடினம். பச்சை, நீலம், பழுப்பு ஆகியவை தொழில்நுட்பத்தில் உச்சநிலை, நீளத்தில் மட்டுமே வேறுபடுபவை. நீலத்தில் ஓடிப் பழகியவருக்கு மஞ்சளில் பதிவுசெய்வது கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள். நடைபாதையிலேயே நடக்க வேண்டிய காலம் என்றால் மஞ்சள்தான் சரி. காட்டுக்குள் கவனமாக நடக்கலாம் என்ற நிலைக்கு வந்தவர்கள், உச்சநிலைக் கடினமும் குறைந்த தூரமும் கொண்ட ஷார்ட் கிரீன் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே உங்களோடு வருபவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் ஓடாமலே உங்களை முந்துவார்கள், ஏனென்றால் ஓர் அடிகூட வீணாக வைப்பதில்லை. அவர்களின் பின்னால் நடப்பதே ஒரு படிப்பு.

ஸ்கோர் வகைப் போட்டியும் இக்காலத்துக்கு ஏற்றது. கன்ட்ரோல்களை எந்த வரிசையிலும் எடுக்கலாம், குறித்த நேரத்துக்குள் எத்தனை புள்ளி சேர்கிறது என்பதே கணக்கு. கால் நோகத் தொடங்கினால் அந்த இடத்திலிருந்தே திரும்பலாம், அதுவரை எடுத்த புள்ளிகள் உங்களுடையவை. வரிசைப் போட்டியில் பாதியில் விடுபவருக்கு முடிவே கிடைக்காது என்பதால், வலியோடு தொடர வேண்டும் என்ற உந்துதல் அதிகம். நடப்பவர்கள் தொடக்க நேரங்களில் மிக முந்தையதைக் கேட்டு வாங்குங்கள். போட்டிப் பாதைகள் மூடப்படும் நேரத்துக்குள் திரும்ப அது அவசியம்.

ஏழாம் படி: மீண்டும் காடு

முதல் ஓட்டப் போட்டிக்கு நகர்ப்புற ஸ்பிரிண்ட்டை, அதாவது தெருக்களில் நடக்கும் குறுகிய, வேகமான ஓரியன்டீரிங்கைத் தேர்ந்தெடுக்கப் பலர் சொல்வார்கள். தரை சமமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தெரு முனைகளில் திடீரெனத் திரும்புவதும், படிக்கட்டுகளில் பாய்ந்து இறங்குவதும், நடைபாதை விளிம்பில் கால் வைப்பதும் கணுக்காலை வேறு விதமாக முறுக்கும். வளைந்து திரும்பும் ஓட்டத்தில் பயிற்சி முடிந்த பிறகே ஸ்பிரிண்ட்.

காட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெள்ளை நிறம் தடையின்றி ஓடக்கூடிய மரக்காடு. பச்சை அடர அடர வேகம் குறையும். பச்சைச் செங்குத்துக் கோடுகள் இருந்தால், கால் வைக்கும் இடத்தை மறைக்கும் அளவுக்குத் தரையில் செடிகொடி உண்டு என்று பொருள். கரும்புள்ளிகள் தூவிய பரப்பு கற்கள் நிறைந்த தரை. வெள்ளை அதிகமுள்ள வரைபடமே முதல் போட்டிக்கு உரியது. பருவமும் முக்கியம். கோடையில் இடுப்பளவு வளரும் பிரேக்கன் பெரணியும், அக்டோபர் நவம்பரில் உதிரும் இலையும் குழிகளை மறைக்கும். பழைய பெரணி மடிந்து, புதியது எழும்பாத மார்ச் மாதத்தில் நான் திரும்பினேன். அதை இன்றும் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

கணுக்காலுக்குப் பட்டையோ பிரேசோ போடுவதை முதல் ஓராண்டு காட்டில் விடாதீர்கள். முன்பு சுளுக்கியவர்களுக்கு அது மறுசுளுக்கைக் குறைக்கிறது. அடிப்பாகம் உயரமாக உப்பிய காலணிகள் கால் மடங்குவதை எளிதாக்கும். தாழ்ந்த அடிப்பாகமும் உலோக முனைகளும் கொண்ட ஓரியன்டீரிங் காலணியே நல்லது. காலை முழுவதும் மறைக்கும் உடையையும் பேணுங்கள். ஒரு காலத்தில் ஸ்வீடனின் ஓட்டக்காரர்களிடையே முட்கீறல்கள் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி பரவியதால்தான் அந்த வழக்கம் விதியாக வந்தது.

போட்டியில் ஒரே ஒரு புதிய கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்திலும், வேர் நிறைந்த தரையிலும், ஓடைக் கரையிலும் வரைபடத்தைப் பார்க்கக்கூடாது. பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். மூன்று நொடி நிற்பதால் இழக்கும் நேரம், தவறான பள்ளத்தில் இறங்கி இழக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. எதிர்பாராத வகையில் என் முடிவு நேரங்கள் இதனால் முன்னேறின. கால் மடங்கினால், அடுத்த கொடி கண்ணெதிரே இருந்தாலும், அங்கேயே போட்டி முடிந்தது என்று தொடக்கக் கோட்டிலேயே உங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அந்த முடிவை எடுக்க மனம் ஒப்பாது.

முடித்ததும் டவுன்லோடு மேசையில் பதிந்துவிட்டு, நேரத் தாளைப் பார்ப்பதற்கு முன் இரு கணுக்கால்களையும் கையால் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான விடை மறுநாள் காலையில்தான் வரும். படுக்கையிலிருந்து எழுந்து கைப்பிடியைப் பற்றாமல் படியிறங்குங்கள். விறைப்போ வீக்கமோ புதிதாக இருந்தால், முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு வாரம் அங்கேயே இருங்கள். எதுவும் இல்லை என்றால், அதே தூரத்தில், அதே வகைக் காட்டில் இன்னொரு போட்டிக்குப் பதிவுசெய்யுங்கள். தூரத்தையும் தரையின் கடினத்தையும் ஒரே போட்டியில் சேர்த்துக் கூட்டாதீர்கள்.